ஆத்துக்குள்ள வெள்ளாமை

மாமா வரைபடத்தைப் பன்பாயில் விரித்து மூலைக்கொன்றாக நாலு சாமான் வைத்தார்: வெற்றிலைத் தட்டம், டோர்ச், என் ஹெல்மட், அரைவாசி குடித்த தேநீர்க் கோப்பை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மட்டக்களப்பு வாவிக்கரை நெடுக விரலால் தடவியபடி வந்தவர், மண்டூருக்குக் கிட்ட நிறுத்தினார்.

“மருமகன், எங்கட வட்டை எங்க கிடக்கு இதில?”

காட்டினேன். வட்டை என்றால் எங்கள் பக்கம் வயல்வெளி. அந்த இடம் முழுக்க நீலம்.

“அப்ப நான் நாப்பது வரிசமா ஆத்துக்குள்ளயா வெள்ளாமை செய்யிறன்?”

அந்த வரைபடத்தை வரைந்தவன் நான்தான். ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலை. செய்மதிப் படங்களைக் கணினியில் போட்டு இது காடு, இது வயல், இது நீர், இது குடியிருப்பு என்று நிறம் பிரித்துக் கொடுக்க வேண்டும். வாவியோரத்துக்கு நான் எடுத்தது ஜனவரி கடைசியில் எடுக்கப்பட்ட படம். மாரியில் மட்டக்களப்புக்கு மேலே முகிலில்லாத படம் கிடைப்பது லேசில்லை. சென்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளைக்கு ஒருதரம் எங்கள் தலைக்கு மேலால் போகும். போகிற நாளெல்லாம் முகில் மூடிக் கிடந்தால் அது என்னத்தைப் பார்க்கும்? ஒரே ஒரு நாள் துடைத்துவிட்ட மாதிரித் தெளிவாக வந்தது. சந்தோசத்தில் எடுத்துவிட்டேன்.

அதற்கு முந்திய கிழமைதான் வெள்ளம் வந்து வட்டையெல்லாம் நின்றது. எனக்குத் தெரியாத விசயமா? முழங்கால் தண்ணிக்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கந்தோருக்குப் போனவன் நான். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் தண்ணிக்குள் நடந்த கால் வேறு, எலியை உருட்டுகிற கை வேறு. செய்மதிக்கும் இதில் குற்றமில்லை. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பச்சை இலை நன்றாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். பயிர் மூழ்கிக் கிடந்தால் வயலும் வாவியும் அதற்கு ஒரே கறுப்பு. நானும் ஒரே நீலம் பூசிவிட்டேன்.

மாமா “ஆறு” என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் பக்கம் அதை யாரும் வாவி என்று சொல்லிக் கேட்டதில்லை. வாவி என்பது பெயர்ப்பலகையிலும் வாழ்த்துப்பாவிலும் வருகிற சொல். வீட்டில் ஆறுதான். ஆத்துக்கு அங்கால, ஆத்து மீன், ஆத்து இறால். ஏழாம் வகுப்பில் மாவட்டத்து ஆறு ஒன்றின் பெயரை எழுதச் சொன்னார்கள். நான் “மட்டக்களப்பு ஆறு” என்று எழுதி ஒரு புள்ளியை இழந்தேன். “அது ஆறில்லையடா, களப்பு. ஊர்ப் பேரிலேயே கிடக்கு, தெரியல்லையா?” என்றார் ஆசிரியர். அவர் சொன்னது சரி. கடலிலிருந்து மணல் திட்டால் பிரிந்து, வாய் அடைபட்டும் திறந்தும் கிடக்கிற நீர்நிலை களப்பு. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரைக்கும் சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. வாய்க்குக் கிட்ட உப்பு. மாரியில் தெற்குப் பக்கம் போனால் நல்ல தண்ணி.

ஆனாலும் அந்த ஒரு புள்ளிக்காக இன்னும் எனக்கு ஆசிரியரோடு கோபம் இருக்கிறது. மாரி வெள்ளத்தில் பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டிவிட்ட அன்றைக்குப் போய்க் கரையில் நின்று பாருங்கள். மணல் கரைந்து கரைந்து வாய் அகலும். செம்மண் நிறத்துத் தண்ணி சல்வீனியாக் களையையும் வாழைக் குற்றிகளையும் இழுத்துக்கொண்டு கடலுக்குப் பாய்கிற பாய்ச்சலைப் பார்த்தவன் அதை ஆறு என்றுதான் சொல்லுவான். ஆகஸ்டில் போனால் அதே வாய் மணலடைத்து, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அப்போது களப்பு. ஆசிரியரிடம் மாதம் எது என்று கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் ஊரைப் பிரித்ததே இந்த ஆற்றை வைத்துத்தான். பொழுது எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு இந்தச் சொற்களில் ஒரு விசித்திரமும் தெரியாமல்தான் இருந்தது. ஒருநாள் குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நின்றபோதுதான் மூளையில் பட்டது. (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கம் பாதை என்றால் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. 2014இல் பாலம் திறக்கும்வரை மண்முனையிலும் அதுதான்.) எழுவான்கரையில் வீடு கட்டி இருக்கிறவருக்குப் பொழுது எழுவது கடலில். படுவான்கரைக்காரருக்குப் படுவது காட்டுக்குப் பின்னால். ஒரு கரையில் எழுந்து மறு கரையில் படுகிற சூரியனைப் பார்க்க வேண்டுமானால் நடுத் தண்ணியில் நிற்க வேண்டும். பெயர் வைத்தவர் தோணியில் இருந்திருக்கிறார்.

இந்தப் பிரிவு வெறும் திசையில்லை, மண்ணும் அப்படியே பிரிந்துவிடுகிறது. எழுவான்கரை கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கிற மணல் பட்டை. தென்னை, தோட்டம், களுதாவளை வெற்றிலை, நெருக்கியடித்த வீடுகள். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணி இருந்தும் நடுவில் நாலு முழம் தோண்டினால் குடிக்கிற தண்ணி வரும். மழைத் தண்ணி பாரம் குறைந்ததால் உப்புத் தண்ணிக்கு மேலே வில்லை மாதிரி மிதக்கிறது. அதை அளவாக அள்ளும்வரைதான் கிணறு நல்ல கிணறு. படுவான்கரைக்குப் போனால் களிமண், வட்டை வட்டையாக வயல், அதற்கு அப்பால் சேனை, குளம், மாட்டுப்பட்டி, காடு, இடையிடையே குடும்பிமலை மாதிரிச் சமவெளியில் தனித்து நிற்கிற கல்மலைகள். கந்தோரில் எத்தனையோ அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு நான் எடுக்கிற பிரிவுகளில் பாதி, கடைசியில் இந்த இரண்டு சொல்லிலேயே வந்து முட்டும். என்ன, வாகரைக்கும் பொத்துவிலுக்கும் போனால் இந்தச் சொற்கள் செல்லாது. அங்கே வேறு ஆறு, வேறு கணக்கு.

அரசாங்கக் கணக்கில் நாங்கள் உலர்வலயம். வருசத்தில் 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் ஈரவலயம், 1750க்குக் கீழே பெய்தால் உலர்வலயம், நடுவில் கிடப்பது இடைவலயம். மட்டக்களப்பில் பெய்வது சராசரி 1650 அளவில். லண்டனில் இருக்கிற என் மச்சானுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டான். அவனுடைய நசநசத்த ஊரில் ஒரு வருசம் பெய்வது இதில் பாதிகூட இல்லை. ஆனால் எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களிடம் போய் “நீங்கள் உலர்வலயம்” என்று சொன்னால் அடிக்க வருவார்கள். உலர் என்கிற சொல் மழையின் கனத்தைப் பற்றியதில்லை, மழை இல்லாத மாதங்களின் நீளத்தைப் பற்றியது.

இது தெரிந்துதான் விவசாயத் திணைக்களத்தார் மூன்று வலயத்தோடு நிற்கவில்லை. மழை, உயரம், மண், தரையின் சாய்வு எல்லாவற்றையும் சேர்த்து 2003இல் நாட்டை 46 விவசாயச் சூழலியல் பிரதேசங்களாக வெட்டினார்கள். எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அதிகம் வருவது டிஎல்2. டி என்றால் உலர், எல் என்றால் 300 மீற்றருக்குக் கீழான தாழ்நிலம், இலக்கம் ஈரத்தின் தரம், அதற்குப் பின்னால் வருகிற சின்ன எழுத்து உட்பிரிவு. பார்க்கக் கார் இலக்கத்தகடு மாதிரி இருந்தாலும், எந்தக் கிழமை விதைக்கலாம் என்று கேட்கிறவனுக்கு உதவுகிற பிரிவு இதுதான். உலகக் காலநிலைக்குக் கொப்பன் என்கிற காலநிலை அறிஞர் போட்ட எழுத்துகளும் இருக்கின்றன. அவருடைய கணக்கில் மிகக் குளிரான மாதமும் 18 பாகைக்கு மேலே இருந்தால் வெப்பவலயம். செடிகொடி எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று பார்த்துத்தான் இந்த எண்ணையே எடுத்தார். எங்களுக்கு அதில் ஏஎஸ், கோடை வறண்ட வெப்பவலயம். அதற்கு மேல் அது எங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கோடு எங்கே விழுகிறது என்று நேரில் பார்க்க எனக்கு ஒரு ஆசை. போன வருசம் ஜூலையில் பதுளையில் ஒரு கலியாணம். பஸ்ஸில் யன்னலோர ஆசனம் கிடைத்தது. செங்கலடிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினதும் கடற்காற்றின் பிசுபிசுப்புச் சட்டையிலிருந்து கழன்றுவிட்டது. கரடியனாறு வரைக்கும் வயல்வெளி. குளத்துத் தண்ணி வருகிற வாய்க்காலுக்குக் கீழே சிறுபோக நெல் பச்சையாக நின்றது. வாய்க்காலுக்கு மேலே வரம்பும் தாளடியும், மாடு. இரண்டுக்கும் பெய்யும் மழை ஒன்றுதான். நடுவில் ஒரு சீமெந்துக் கட்டுத்தான் பிரிவு. இதற்கு எந்த வலயத்தின் பெயரை வைப்பது?

புல்லுமலைப் பக்கம் போகக் காடு தொடங்கும். பாலை, வீரை, முதிரை, அங்கங்கே கருங்காலி. உலகத்தில் வறண்ட காடுகள் பெரும்பாலும் கோடையில் இலையுதிர்க்கும். எங்கள் காடு வறட்சியிலும் பச்சையாக நிற்கும், அதுதான் அதன் அதிசயம். வீதியோரம் பொலித்தீன் பையில் பாலைப்பழம் விற்றார்கள். ஒரு சுண்டு வாங்கினேன். சின்ன விரல் நுனியளவு மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிப்பு. பத்துப் பழம் தின்ற பிறகு பக்கத்துப் பெரியவர் எங்கே போகிறாய் என்று கேட்டார், வாயைத் திறக்க முடியவில்லை. பால் ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்துவிட்டுத் தானும் இரண்டு எடுத்துக்கொண்டார். கரடிக்கும் இந்தப் பழம் உயிர் என்பார்கள்.

லுணுகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் வேலை செய்து ஓய்ந்தவர் அவர். மகாஓயா கழிந்து பதியத்தலாவையும் தாண்டிப் போக, காடு கலைந்து நிலம் திறந்துகொண்டது. ஆளுயரப் புல், மரங்கள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் தள்ளித்தள்ளி நின்றன. தலாவை என்றாலே இந்த மாதிரி மரம் சிதறிய புல்வெளிதானாம். சில இடத்தில் புல் எரிந்து கறுத்துக் கிடந்தது. மரங்களின் அடியும் முழங்காலளவுக்குக் கறுப்பு, மேலே இலை பச்சை. பெரியவர் யன்னலால் கைநீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்: “அது கடுக்காய். அந்தா தான்றி. அந்தப் பக்கம் நிற்கிறது எல்லாம் நெல்லி.” திரிபலா மூன்றும் ஒரே வெளியில்! பட்டை தடித்த மரங்கள், நெருப்புப் போன பிறகும் தளிர்க்கும். பெய்கிற மழைக்கு அங்கே அடர்காடே நிற்கலாம், வருசா வருசம் போகிற நெருப்புத்தான் மரங்களை எட்ட எட்ட நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த வெளிகள் கல்லோயாப் பள்ளத்தாக்கின் நீலகலை வரைக்கும் போகும்.

உலர்வலயம் முடிந்து இடைவலயம் தொடங்குகிற கோட்டைப் போனில் போட்டு வைத்திருந்தேன். பிபிலைக்கு முன்னால் நீலப் புள்ளி அந்தக் கோட்டைத் தொட்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்தேன். நடத்துனர் ஒரு அம்மாவோடு மிச்சக் காசுக்கு வாதாடிக்கொண்டிருந்தார். வெளியே அதே புல், அதே கடுக்காய். அந்தக் கோடு பல வருச மழையின் சராசரியை வைத்துப் போட்டது, நிலத்துக்குத் தெரியவா போகிறது. மாற்றம் தெரிந்தது அதற்கு வெகுநேரம் கழித்து, லுணுகலை ஏற்றத்தில். றப்பரும் தேயிலையும் வந்து, காது அடைத்து, யாரோ ஒருவர் யன்னலைச் சாத்தச் சொன்னபோது.

கலியாண வீட்டில் எல்லோரும் மட்டக்களப்பு வெக்கையைப் பற்றிக் கேட்டார்கள். நான் வந்த மலையை வைத்தே அதற்குக் காரணம் சொன்னேன். ஜூன், ஜூலையில் எங்களுக்கு அடிக்கிற கச்சான் காற்று மேற்கிலிருந்து மலைநாட்டைத் தாண்டி வருகிற காற்று. தென்மேல் பருவக்காற்று மலையின் அந்தப் பக்கம் ஏறும்போது மழையைக் கொட்டிவிடும். ஈரக் காற்று ஏறுகையில் கிலோமீற்றருக்கு 6 பாகை அளவில்தான் குளிரும். ஈரத்தை இழந்து இந்தப் பக்கம் இறங்குகையில் கிலோமீற்றருக்கு 10 பாகை சூடேறும். அந்த வித்தியாசம்தான் எங்கள் முகத்தில் அடிக்கிறது. சில நாட்களில் கடற்காற்றையே கரையேற விடாது. “அப்ப எங்கட மழையைக் குடிச்ச மிச்சம்தான் உங்களுக்கு” என்றார் நுவரெலியாவிலிருந்து வந்திருந்த ஒருவர். கச்சான் என்ற பெயரிலேயே இந்தக் காற்றை வளிமண்டலவியல் அகராதிகளிலும் காணலாம். எங்கள் ஊர்ச் சொல் ஒன்று விஞ்ஞானத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். வறுத்த நிலக்கடலைக்கும் அதே பெயர் என்பதை மட்டும் அங்கே சொல்லவில்லை.

இனி உலக வரைபடம். 2001இல் உலக இயற்கை நிதியத்து ஆய்வாளர்கள் தரையை 867 சூழல் பிரதேசங்களாகப் பிரித்தார்கள். எங்கே எந்த உயிரினக் கூட்டம் சேர்ந்து வாழ்கிறது என்பதே அவர்களுடைய அளவுகோல். இலங்கைக்கு அதில் தாழ்நில மழைக்காடு, மலைக்காடு, உலர்வலய உலர் பசுமைமாறாக் காடு என்று மூன்று. வடக்கு விளிம்பில் ஒரு துண்டு மட்டும் தக்காண முட்புதர்க் காட்டோடு சேருகிறது. யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவனுக்கு “நீங்கள் தக்காணம்” என்று செய்தி அனுப்பினேன், மூன்று நாள் பதில் இல்லை. எங்களுக்கு விழுந்தது பழுப்பு. பாலைக் காடும் பழுப்பு, தலாவை வெளியும் பழுப்பு, வாவிக்கரைத் தில்லையும் கண்டலும் பழுப்பு, மாமாவின் வட்டையும் பழுப்பு. உலகத்துக்கு எது அரிது, எதைக் காப்பது என்று முடிவெடுக்க வரைந்த படம் அது; தொலைவில் நின்று பார்க்கச் சரி. நான் கிட்டப்போய்க் குற்றம் சொல்வது, விமானத்திலிருந்து எடுத்த படத்தில் என் சட்டைப் பொத்தானைத் தேடுகிற மாதிரி.

ஐந்திணையைச் சொல்லாமல் விட்டால் யாராவது கேட்பீர்கள். மட்டக்களப்பு என்றதும் “நெய்தல் நிலம்” என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் உண்டு. திணை நில அளவைக்காரன் போட்ட கணக்கில்லை, பாட்டுக்கு வகுத்த இலக்கணம். எங்கள் பாலை குளிர்ந்த நிழலும் இனித்த பழமும், திணைப் பாலை வெந்த சுரம். எங்கள் முல்லைக்காரன் போடியாரின், அதாவது பெரிய வயல்காரரின், வயலைப் பார்த்துக்கொள்கிறவர், அதாவது மருதத்தில் நிற்கிற முல்லை! ஒட்டவைக்கப் போனால் இப்படித்தான் இடிக்கும். ஆனால் ஒரு விசயத்தில் அந்தப் பழைய ஆட்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். முதற்பொருள் எது என்றால் நிலமும் பொழுதும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். நான் நிலத்தை எடுத்துக்கொண்டு, பொழுதைச் செய்மதி வந்த நாளுக்கு விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் எடுத்த படத்தைத் தேடிப் போட்டேன். மாமாவின் வட்டை இப்போது வாவியில்லை. வெளிறிய தரை, ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளை, மாடு நடந்த தடம் நூல் மாதிரி. மாரி தொடங்க அந்த மாடுகள் மேய்ச்சல்தரைக்குப் போய்விடும், பட்டிக்காரர் பயிர் வெட்டும்வரை அங்கேதான் காவல். டிசம்பர் நடுவில் எடுத்த படத்தில் அதே துண்டு கடும் பச்சை. ஜனவரியில் நீலம். மூன்றும் பொய்யில்லை.

பட்டியலில் புது வகுப்பு ஒன்று சேர்க்கக் கேட்டேன். மேலே இருந்தவர், வகுப்புகள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவை, கூட்ட முடியாது என்று பதில் போட்டார். சரி, கூட்டாமல் என்ன செய்யலாம்? வயலின் பச்சையை அப்படியே வைத்து, அதன் மேலே நீலத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு போட்டேன். கீழே குறிப்பில் “பருவத்தில் நீர் நிற்கும் வயல்” என்று எழுதினேன். கோடு போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை புதுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு குருமண்வெளியில் பாதை ஏறினேன். கச்சான் அடித்ததில் ஆற்றுத் தண்ணி துண்டு துண்டாக மடிந்தது, ஹெல்மட்டைப் பிடிப்பதா சுருளைப் பிடிப்பதா என்றாகிவிட்டது. மாமா திண்ணையில் இருந்தார். அதே பன்பாய், அதே வெற்றிலைத் தட்டம். விரல் நேரே மண்டூர்ப் பக்கத்துக்குப் போனது.

“இதென்ன, என்ட வட்டைக்கு மேல பன்பாய் விரிச்சிருக்காய்?”

மாரியில் தண்ணி நிற்கிறதைக் காட்டுகிற கோடு அது என்றேன். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தால் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார்.

“அப்ப வயல் எண்டு எழுதியிருக்கு.”

“ஓம் மாமா.”

“வெள்ளம் வாற வயல் எண்டும் எழுதியிருக்கு.”

“ஓம்.”

“சரி, இதைக் கொண்டுபோய்க் காட்டினா வெள்ள நட்டம் தருவானுகளா?”

“அது வேற கந்தோர், மாமா” என்றேன்.